ஊராட்சியின் ஒரு வாரம்

டீ சூடாக இருக்கிறது, ஆறட்டும். ஊராட்சி அலுவலகம் பாதி நேரம் பூட்டியே கிடக்கிறதே, வாரம் முழுக்க அங்கே என்னதான் நடக்கிறது என்று கேட்டீர்கள். வேலை பெரும்பாலும் அந்தக் கட்டடத்துக்கு வெளியேதான் நடக்கிறது.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். விடிவதற்கு முன்பே டேங்க் ஆபரேட்டர் மோட்டாரைப் போட்டுவிடுகிறார். மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, மண்டி தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்பது நடைமுறைக் கணக்கு. 30,000 லிட்டர் தொட்டி என்றால் 120 கிராம். கிருமி சாக அரை மணி நேரமாவது ஆகும், அதன் பிறகே வால்வைத் திறக்கலாம். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருந்தால்தான் தண்ணீர் பாதுகாப்பானது. மூட்டையைப் பிரித்து நாளாகிவிட்டால் பவுடரின் வீரியம் போய்விடும். அளந்து போட்டும் பயனில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதி வைக்க வேண்டும். அந்தப் பக்கம் போகும்போது அண்ணாந்து பாருங்கள், உங்கள் ஊராட்சியைப் பற்றி அந்தத் தேதி நிறையச் சொல்லும்.

எந்தத் தெருவுக்கு முதலில், எவ்வளவு நேரம் திறந்துவிடுவது என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். தொட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சினால், கடைசித் தெருக் குழாயில் காற்றுதான் வரும். பல ஊர்களில் அந்தக் கடைசித் தெரு, பட்டியல் சாதியினர் வாழும் காலனித் தெருவாக இருப்பது தற்செயல் அல்ல. அந்த மோட்டாரைக் கழற்ற வைக்கிற ஊராட்சியைத்தான் நான் நல்ல ஊராட்சி என்பேன். புதுக் கட்டடம் கட்டுவதைவிட அதற்குத் துணிச்சல் அதிகம் வேண்டும்.

தூய்மைக் காவலர்கள் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீடு வீடாகப் பிரித்து வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் வாரந்தோறும் வந்து குடத்தையும் தொட்டியையும் எட்டிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. ஒரு வாரம் தவறவிட்டால் ஒரு தலைமுறை பறந்துவிடும்.

தெருவிளக்கு, சாலை, வடிகால், சுடுகாடு, இடுகாடு எல்லாம் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமைகள். பட்டாவும் சாதிச் சான்றிதழும் அதன் கையில் இல்லை, வருவாய்த் துறையுடையவை. ரேஷன் கடையும் அப்படித்தான், வேறு துறை. இருந்தும் மக்கள் முதலில் வருவது தலைவர் வீட்டு வாசலுக்குத்தான். மனு எழுதிக் கொடுப்பதும், கூடப் போய் நிற்பதுமாக அவர் வாரத்தில் பாதி கழிகிறது.

இனி பணம். இங்கேதான் நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டும். புதிதாக ஒன்றைக் கட்ட மேலிருந்து திட்டத்தின் பெயரோடு நிதி வருகிறது. 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. மீதி 40 விழுக்காட்டிலும் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்ட, பல்பு மாற்ற, பவுடர் வாங்க, மின்கட்டணம் செலுத்த என்று வாராவாரம் வரும் சில்லறைச் செலவுக்கெல்லாம் மாநில அரசின் மானியத்தோடு ஊராட்சியின் சொந்த வருமானமும் வேண்டும். வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் அதில் முக்கியம். அந்த வரி நிலுவையில் நின்றால், எரிந்த மோட்டார் மெக்கானிக் கடையில் எத்தனை நாள் கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதால், இருவருக்கும் மனக்கசப்பு வந்தாலும் ஊருக்குத்தான் இருட்டு.

தலைவரே இல்லாத காலமும் வருகிறது. 2016 இறுதியிலிருந்து 2019 இறுதிவரை உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். தேர்தல் நடக்காததால் மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2019 இறுதியில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். ஒன்றியத்தின் பல ஊராட்சிகளைக் கவனிக்கும் ஓர் அதிகாரியை, இரவில் மோட்டார் எரிந்தால் எந்த வாசலில் போய் எழுப்புவது? தேர்தலைத் தள்ளிப்போடுவது ஊர்மக்களுக்குச் செய்யும் அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கிராம சபை மட்டும் அந்தக் காலத்திலும் கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் அதில் உறுப்பினர். புதுச் சாலை எப்போது என்று கேட்க அங்கே நிறையப் பேர் இருப்பார்கள். நீங்கள் வரவு செலவுக் கணக்கைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பவுடர் எத்தனை கிலோ வாங்கினார்கள், வரி எவ்வளவு நிலுவை, கடைசித் தெருவுக்கு எத்தனை நிமிடம் தண்ணீர் திறக்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.