மூலிகைத் தேநீர், குளியல் பொடி: பக்குவம் காய வைப்பதில்தான்

போன ஐப்பசியில் ஒரு கிலோ துளசியை மொட்டை மாடியில் உலர்த்தி, டப்பாவில் அடைத்து வைத்தேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் எல்லாம் பூஞ்சணம். கோவிலம்பாக்கத்தில் இருந்துகொண்டு ஐப்பசியில் மூலிகை காய வைக்க நினைத்தது என் தப்புதான். கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், அதையும் தாண்டினால் கடல். வெயில் சுளீரென்று அடிக்கிற நாளிலும் காற்றில் ஈரம் இருந்துகொண்டே இருக்கும்.

மூலிகைத் தேநீருக்கும் குளியல் பொடிக்கும் ஆளாளுக்கு ஓர் அளவு சொல்கிறார்கள். காய வைப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாசனை, நிறம், கெடாமல் இருக்கும் காலம் எல்லாமே அதில்தான் அடங்கியிருக்கிறது.

இலையையும் பூவையும் நேர் வெயிலில் போடாதீர்கள். துளசி, கற்பூரவள்ளி, புதினாவின் மணம் ஆவியாகிற எண்ணெயில் இருப்பது. வெயிலில் அது போய்விடும், பச்சையும் வெளுத்துவிடும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மானாவாரியில் விளைந்து வெளிநாட்டுக்கு மலமிளக்கித் தேநீருக்காகப் போகிற நிலாவாரை இலையைப் பாருங்கள். அதை நிழலில்தான் உலர்த்துகிறார்கள், பச்சை மங்கினால் விலை இறங்கிவிடும். (அதைத் தினப்படி தேநீராகக் குடிக்கக் கூடாது, அது வேறு விஷயம்.) இஞ்சி, மஞ்சள், வேர், கிழங்குக்கு வெயில் பரவாயில்லை. இஞ்சியைத் தோல் சீவிவிட்டுத்தான் சுக்காக்க வேண்டும்.

காலையில் பனி ஈரம் போனதும் பறியுங்கள். கழுவினால் துணியில் ஒற்றி எடுங்கள். காற்றோட்டமான அறையில் பழைய கொசுவலையைக் கட்டி, ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். கீழிருந்தும் காற்று போக வேண்டும். எங்கள் பக்கம் மேடவாக்கம் சாலையில் மெட்ரோ வேலை நடப்பதால் மாடியில் வைத்தால் மேலே புழுதிதான் படிகிறது. மெல்லிய வெள்ளைத் துணி போர்த்தாமல் நான் எதையும் வெளியே வைப்பதில்லை.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? இலை கையில் நொறுங்கணும், காம்பு வளையாமல் 'படக்'கென்று ஒடியணும். அப்படியும் சந்தேகம் இருந்தால் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி ஒரு நாள் வையுங்கள். உள்பக்கம் முத்து முத்தாகப் பனித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. என் துளசிக்கு இதைச் செய்து பார்த்திருந்தால் ஒரு கிலோ வீணாகியிருக்காது. ஐந்தாறு கிலோ பச்சை இலை காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும், விலை வைக்கும்போது இதை மறந்துவிடுகிறோம்.

தேநீர் போடுவது சுலபம். இலை, பூ என்றால் ஒரு தம்ளர் கொதிநீருக்கு ஒரு தேக்கரண்டி போட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் போதும். கொதிக்க விட்டால் மணம் போய்விடும். சுக்கு, மல்லி, மிளகு, வேர் வகையறாவைக் கொதிக்க வைத்தே ஆகவேண்டும். எங்கள் வீட்டுச் சுக்குமல்லிப் பொடிக்குக் கணக்கு: மல்லி 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 10 கிராம், நாலு ஏலக்காய். லேசாக வறுத்துப் பொடித்து, பனங்கருப்பட்டி சேர்த்துக் குடிக்கிறோம்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் ஆவாரம்பூத் தேநீரைத் தினமும் குடிப்பதென்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரை அளவை ரொம்பக் கீழே இறக்கிவிடலாம். அதிமதுரம் அளவு மீறினால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். இந்தப் பக்கத்துக்காரர்கள் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

குளியல் பொடிக்குப் பாசிப்பயறு அரை கிலோ, காய்ந்த ஆவாரம்பூவும் ரோஜா இதழும் 50 கிராம் வீதம், கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர் 25 கிராம் வீதம். வெட்டிவேரைக் கத்தரியால் பொடிசாக நறுக்காவிட்டால் மில்லில் சுற்றிக்கொள்ளும். மில்லுக்குக் காலையில் முதல் ஆளாகப் போங்கள். மிளகாய்த்தூள் அரைத்த கையோடு இதை அரைத்தால் முகம் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை! மெல்லிய துணியில் சலியுங்கள், கொரகொரப்பு தோலைக் கீறும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் தண்ணீரில் குழையுங்கள், குழைத்தது மறுநாளைக்கு ஆகாது. புதிதாகப் போடுகிறவர்கள் முழங்கை மடிப்பில் ஒரு நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகட்டும்.

விற்க நினைக்கிறவர்களுக்கு: குடிக்கிற பொடி சட்டப்படி உணவு, அதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வேண்டும். தேயிலைச் செடியிலிருந்து வராததை உறையில் 'டீ' என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆகவே 'ஆவாரம்பூப் பொடி' என்று போட்டால் போதும். 'சர்க்கரை நோய் தீரும்' என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குளியல் பொடியை விற்பனைக்குத் தயாரிப்பதென்றால் அது அழகுசாதனக் கணக்கில் வரும், தனி உரிமம் வேண்டும். வீட்டுக்கும் உறவுக்கும் என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

நான் இப்போது மாசி பிறந்த பிறகுதான் வலை கட்டுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் துளசியைச் செடியிலேயே விட்டுவிடுகிறேன், வேண்டும்போது நாலு இலையைப் பச்சையாகவே கிள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.