வேகமா, விளக்கமா? – ஸ்ட்ரிங் சோதனை பற்றி ஒரு பார்வை

'சி' லேப் ரெக்கார்டில் ஸ்ட்ரிங் புரோகிராம் எழுதாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. நாலு வரியில் எழுத வேண்டியதை ஒரே வரியில் எழுதிவிட்டால் நமக்கெல்லாம் ஒரு பெருமை. "மச்சான், என் புரோகிராம்தான் ஃபாஸ்ட்டு" என்று காலரைத் தூக்கிவிட்டுக் கொள்வோம். ஆனால் குட்டையாக இருப்பது வேறு, வேகமாக ஓடுவது வேறு, படித்தால் புரிவது வேறு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்குத் தெரிந்த ஓர் உதாரணம்

ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் பேங்க்கின் ஐ.எஃப்.எஸ்.சி. எண் கேட்பார்கள் அல்லவா? அதில் மொத்தம் 11 இடங்கள். முதல் 4 இடம் பேங்க்கைக் குறிக்கும் எழுத்துகள். 5-ஆவது இடம் சுழியம். கடைசி 6 இடம் கிளையைக் குறிப்பது. இதைச் சரிபார்க்க இரண்டு வழி உண்டு.

முதல் வழி நேர்வழி. நீளம் 11 இருக்கிறதா? முதல் நாலும் எழுத்தா? ஐந்தாவது சுழியமா? கடைசி ஆறும் எழுத்து அல்லது எண்ணா? நாலு கேள்வி, நாலு 'இஃப்'. நீளத்தை முதலில் பார்த்துவிடுவதால், குட்டையாக வந்த ஸ்ட்ரிங்கில் இல்லாத 11-ஆவது இடத்தைத் தேடிப் போகிற ஆபத்தும் இல்லை.

இரண்டாவது வழி சாமர்த்திய வழி. 'ஏ' என்ற பெரிய எழுத்தின் ஆஸ்கி எண் 65, சின்ன எழுத்தின் எண் 97, வித்தியாசம் 32. ஆகவே எழுத்தோடு 32-ஐ 'ஆர்' செய்து, 97-ஐக் கழித்து, வருவது 26-க்குள் இருக்கிறதா என்று ஒரே அடியில் பார்த்துவிடலாம். அழகான வித்தைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு இந்த 32 எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? 'இஸ்ஆல்ஃபா' என்று எழுதியிருந்தால் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பலர் ஐந்தாவது இடத்தில் சுழியத்துக்குப் பதில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தை அடித்துவிடுவார்கள். ஒரே வரியில் சுருக்கிய சோதனை "தவறு" என்று மட்டும் சொல்லும். நாலு கேள்வியாகப் பிரித்தால், "ஐந்தாவது இடத்தில் சுழியம் போடவும்" என்று சொல்ல முடியும். கடைசித் தேதியன்று பிரவுசிங் சென்டரில் நிற்கிற மாணவனுக்கு இந்த இரண்டு பதிலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வருட ஸ்காலர்ஷிப்!

மிச்சமாவது எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். விண்ணப்பம் 1,000. ஒன்றைச் சோதிக்க நேர்வழிக்கு 1 மைக்ரோ செகண்ட், சாமர்த்திய வழிக்கு அதில் கால்வாசி என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேருக்கும் சேர்த்து மிச்சம் முக்கால் மில்லி செகண்ட். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஒரு ரெக்கார்டைத் தேடி எடுக்கவே பல மில்லி செகண்ட் பிடிக்கும். அப்புறம் நாம் எதை மிச்சப்படுத்தினோம்?

டொனால்ட் குனூத் என்ற கம்ப்யூட்டர் அறிஞர் 1974-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத்தான் சொன்னார்: 97 சதவீதம் இடங்களில் சின்ன வேக லாபத்தை மறந்துவிடலாம், முக்கியமான மீதி 3 சதவீதத்தை விட்டுவிடக் கூடாது.

அந்த 3 சதவீதம் எது?

'ஃபார்' லூப்பின் நிபந்தனைக்குள் 'ஸ்ட்ரிலென்' எழுதுவது ஒன்று. ஸ்ட்ரிலென் ஒவ்வொரு முறையும் முதல் எழுத்திலிருந்து கடைசி வரை நடந்து எண்ணிவிட்டு வரும். ஒரு லட்சம் எழுத்துள்ள ஸ்ட்ரிங் என்றால், கம்பைலர் தானாகத் திருத்தாத பட்சத்தில், லட்சம் பெருக்கல் லட்சம், அதாவது 1,000 கோடி அடி! நீளத்தை லூப்புக்கு முன்னாடியே ஒரு வேரியபிளில் வாங்கி வைத்தால் வேகமும் வரும், படிக்கவும் நன்றாக இருக்கும்.

குட்டையான கோடு காலை வாரிவிட்ட கதையும் உண்டு. புரோகிராமர்கள் சந்தேகம் கேட்கும் 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' தளம் 2016 ஜூலை 20 அன்று 34 நிமிடம் முடங்கியது. காரணம், வரியின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை நீக்கும் ஒரு சின்ன 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்'. ஒரு பதிவில் சுமார் 20,000 வெற்றிடங்கள் தொடர்ச்சியாக வந்து, அதன் பின் வேறு எழுத்து இருந்தது. அது 20,000 வரை எண்ணித் தோற்று, அடுத்த இடத்திலிருந்து 19,999 எண்ணித் தோற்று, இப்படியே ஏறக்குறைய 20 கோடி சோதனை செய்தது. கடைசியில் சாதாரண ஸ்ட்ரிங் ஃபங்ஷனை வைத்துத்தான் சரிசெய்தார்கள்.

நம் தமிழில்?

'ஓமலூர்' என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடில் 6 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் ஸ்ட்ரிலென் சொல்வது 18! 'கொங்கணாபுரம்' என்றால் 36. ஊர்ப்பெயர் 20-ஐத் தாண்டக் கூடாது என்று ஸ்ட்ரிலென் வைத்துச் சோதித்தால் கொங்கணாபுரத்துக்காரர் விண்ணப்பமே போட முடியாது. அதுவுமில்லாமல் 'கொ' என்பதைக் 'க' உடன் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். பார்க்க ஒன்றுதான், ஒப்பிட்டால் கம்ப்யூட்டர் "வேறு வேறு" என்று சொல்லிவிடும். முதலில் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொண்டு அப்புறம்தான் ஒப்பிட வேண்டும். தப்பான விடையை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் அது தப்புதானே?

முடிவாக

முதலில் சரியாக எழுதுவோம். அடுத்து, புரியும்படி எழுதுவோம். அதன் பிறகும் புரோகிராம் தாமதமானால், எந்த இடத்தில் தாமதம் என்று அளந்து பார்த்து அந்த இடத்தை மட்டும் மாற்றுவோம். ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி கமெண்ட் போடுவோம்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். லூப் ஏன் நிற்கவில்லை என்று வீட்டில் யாரிடம் போய்க் கேட்பது? சீனியர் அண்ணன்களும் அக்காக்களும் எழுதி வைத்த கோடைப் படித்துப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் இருப்போம். நமக்குப் பின்னால் வரும் ஜூனியருக்கும் நம் கோடுதான் வாத்தியார். அவனுக்குப் புரிகிற மாதிரி எழுதுவோம். பதறாத காரியம் சிதறாது!