மெஷினை விட்டு உளிக்கு மாறுறீங்களா? முதல்ல இதைப் பழகுங்க!

மெஷினில் மரவேலை பழகியவர்கள், உளியையும் இழைப்புளியையும் கையில் எடுத்ததும் திணறுவது ஏன்?

மெஷினில் பிளேடு மழுங்கினாலும் மோட்டார் ஓரளவு சமாளித்துவிடும். கையில் அது நடக்காது. மழுங்கிய உளியை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும். வழுக்கினால் கையைப் பதம் பார்த்துவிடும்.

அதனால் முதல் பாடம், தீட்டுவதுதான். உளியின் சாய்வுப் பக்கத்தைச் சுமார் 30 டிகிரியில் வைத்து சாணைக்கல்லில் தீட்டுங்க. பின்பக்கம் தட்டையா இருக்கணும். இழைப்புளி பிளேடுக்கும் இதே முறைதான்.

அடுத்து, மரத்தின் நார் ஓடும் திசையில் இழைச்சுப் பாருங்க. சுருள் சுருளா சீவல் வந்தா, கூர் சரி. மரம் பிய்ந்தால் எதிர்த்திசையில் இழைக்கணும். அப்பவும் பிய்ந்தால், மறுபடி தீட்டணும்.

முக்கியமா, மரத்தைப் பிடிக்கும் கை எப்போதும் உளிமுனைக்குப் பின்னால்தான் இருக்கணும்.