தலையணைக்கு வயது என்ன?

இன்ஹேலரை முறையாகப் பயன்படுத்தியும் விடியற்காலையில் இளைக்கிறது என்போரிடம் நாங்கள் தலையணையின் வயதைக் கேட்பதுண்டு. பத்தாண்டு கடந்த இலவம்பஞ்சுத் தலையணை என்பர் சிலர். அம்மா தைத்தது, எறிய மனம் வராது.

நம் உடலிலிருந்து உதிரும் தோல்செதிலைத் தின்று தூசிப்பூச்சிகள் அதனுள் பெருகுகின்றன. அவற்றின் எச்சமே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. வெயிலில் காயவைத்தால் பூச்சிகள் குறையும், எச்சம் அகலாது. ஆகவே உறை, விரிப்பு, போர்வை ஆகியவற்றை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். அச்சூட்டைக் கை பொறுக்காது, கோலால் அமிழ்த்துங்கள். கனத்த பஞ்சுப் போர்வையெனில் உட்புறமும் ஈரமின்றி உலர வேண்டும்.

இலவம்பஞ்சைத் துவைக்க இயலாது. இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுவது நலம். பழையதை உதறும்போது நோயாளி அருகில் இருக்கலாகாது. தலையணையை மாற்றியபின் இளைப்பு தணிந்தாலும், எங்களைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.