பெற்றோல் யுகத்தின் மறைவும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் பெறுமதியும்

பெற்றோலில் ஓடும் புதிய கார்களின் விற்பனைக்கு முடிவு கட்டும் சட்டங்கள் ஐரோப்பாவில் வகுக்கப்பட்டு வருகின்றன. பெற்றோல், டீசலில் மாத்திரம் இயங்கும் புதிய கார்களுக்குப் பிரித்தானியா 2030 ஆம் ஆண்டை எல்லையாகக் குறித்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2035 ஐ எல்லையாகக் கொண்டு 2023 இல் சட்டம் இயற்றியது. எனினும், 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழுவே அதனைத் தளர்த்தும் யோசனையை முன்வைத்தது. காலக்கெடு முன்பின்னாக நகரலாம். பயணத்தின் திசை மாறுமெனத் தோன்றவில்லை. இந்நிலையில், அரை நூற்றாண்டுக்கு முன்னர் தயாரிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களின் எதிர்காலப் பெறுமதி என்னவாகும் என்ற கேள்வி எழுகின்றது.

இது செல்வந்தரின் பொழுதுபோக்குப் பற்றிய கேள்வி மாத்திரமன்று. இக்கார்களைப் பழுதுபார்த்தும் உதிரிப்பாகங்களைச் செய்து கொடுத்தும் வாழும் சிறு தொழிலகங்களின் பிழைப்பும், தமது சேமிப்பை ஒரு பழைய காரில் முடக்கியுள்ள நடுத்தர வகுப்பினரின் நலனும் இதிலே தங்கியுள்ளன.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மேற்கூறிய சட்டங்கள் புதிய கார்களைப் பற்றியவை. பழைய கார்களை வீதியிலிருந்து அகற்றும்படி அவை கூறவில்லை. இலண்டனில் புகை கக்கும் வாகனங்களுக்குக் கட்டணம் அறவிடும் வலயம் 2023 ஆகஸ்டில் மாநகர் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டபோதும், 40 ஆண்டுகளைக் கடந்த வரலாற்று வாகனங்களுக்கு அளிக்கப்பட்ட விலக்கு நீடித்தது.

எரிபொருள் மாறுவதும் இது முதற்தடவையன்று. பழைய இயந்திரங்கள் பலவற்றின் வால்வு இருக்கைகளைத் தேய்வினின்றும் காத்தது பெற்றோலில் கலந்திருந்த ஈயமாகும். பிரித்தானியாவில் ஈயப் பெற்றோலின் பொது விற்பனை 1999 இன் இறுதியுடன் நிறுத்தப்பட்டபோது, பழைய கார்களின் கதை முடிந்ததென அஞ்சியோர் பலர். ஆனால், கடினமான உலோக இருக்கைகளைப் பொருத்தியும் மாற்றுக் கலவைகளைச் சேர்த்தும் தொழில் வல்லுநர்கள் அதற்கு வழி கண்டனர். பின்வந்த இரு தசாப்தங்களில் முன்னணி ரகங்களின் விலைகள் பன்மடங்கு உயர்ந்தன.

2021 செப்டெம்பரில் பிரித்தானியாவின் சாதாரண பெற்றோலில் எதனோலின் அளவு 10 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. எதனோல் நீரை ஈர்ப்பது. பழைய இறப்பர்க் குழாய்களையும் அடைப்புகளையும் அரிப்பது. குழாய்களை மாற்றுவதாலோ, எதனோல் குறைந்த உயர்தரப் பெற்றோலை நிரப்புவதாலோ இச்சிக்கல் தீர்கின்றது. செலவு கூடுகின்றதே தவிர, கார் நின்றுவிடவில்லை.

அடுத்த கட்டமாகச் செயற்கைப் பெற்றோல் பேசப்படுகின்றது. சிலி நாட்டின் புன்டா அரினாஸ் பகுதியில் போர்ஷே நிறுவனத்தின் ஆதரவுடன் 2022 டிசம்பரில் ஒரு முன்னோடி ஆலை இயங்கத் தொடங்கியது. காற்று மின்சாரத்தால் நீரிலிருந்து ஐதரசன் பிரிக்கப்பட்டு, காபனீரொட்சைட்டுடன் சேர்க்கப்பட்டு, முதலில் மெதனோலாகவும் பின்னர் பெற்றோலாகவும் மாற்றப்படுகின்றது. முன்னோடிக் கட்டத்தின் இலக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 130,000 லீற்றர் மாத்திரமே. கோடிக்கணக்கான கார்களுக்கு இது விடையாகாது. எனினும், ஆண்டில் சில நூறு மைல்களே ஓடும் பழைய கார்களுக்கு, விலை அதிகமாயினும் போதுமானதாகலாம்.

மற்றொரு வழி மின்மயமாக்கலாகும். 1961 இல் அறிமுகமான ஈ-டைப் காரின் மின்சார வடிவத்தை ஜக்குவார் நிறுவனமே 2017 இல் காட்சிப்படுத்தியது. பண்டைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனமோ, அவ்வாறு மாற்றப்பட்டவற்றை வரலாற்று வாகனங்களாக ஏற்க மறுக்கின்றது. உடல் எஞ்சினாலும் உயிர் போய்விட்டது என்பதே அதன் வாதத்தின் சாரம் எனலாம்.

ஆகவே, பெறுமதி யாவர்க்கும் ஒரே விதமாகக் குறையப் போவதில்லை. அது பிளவுபடப் போகின்றது. 1955 இல் இரண்டே இரண்டாகத் தயாரிக்கப்பட்ட மேர்சிடீஸ் 300 எஸ்.எல்.ஆர். கூப்பே ரகத்தில் ஒன்று, 2022 மே மாதத்தில் 135 மில்லியன் யூரோவுக்கு ஏலம் போனது. அத்தகைய கார் ஓவியம் போன்றது. அதன் விலையைப் பெற்றோல் நிலையங்கள் தீர்மானிப்பதில்லை. ஆனால், எழுபதினாயிரத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்ட ஈ-டைப் போன்றவற்றின் நிலை வேறு. ஓட்டி மகிழ்வதற்காகவே அவை வாங்கப்படுகின்றன. எரிபொருள் அரிதானால், பழுதுபார்க்கும் கைகள் ஓய்ந்தால், அவற்றை இளமையில் கண்டு ஏங்கிய தலைமுறை மறைந்தால், கேள்வி தளரவே செய்யும்.

இவற்றுள் எரிபொருளுக்கு மாற்று உண்டு. கைத்தொழில் அறிவுக்கோ, அடுத்த தலைமுறையின் ஆர்வத்துக்கோ ஆலையில் மாற்றுச் செய்ய இயலாது. எனவே, பழைய காரை வைத்திருப்போர் பெற்றோல் விலையைப் பார்த்துக் கவலைகொள்வதிலும், தமது ஊர்த் தொழிலகத்தில் இளைஞர் எவரேனும் தொழில் பழகுகின்றனரா என்பதைக் கவனிப்பதே பொருத்தமானதாகும்.