நக்கிள்ஸில் உயிருக்கு உலை வைப்பது உயரமா?

எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றிலொரு பங்குதான்; மூச்சில் கிடைக்கும் ஒக்சிசனும் அதற்கேற்பக் குறைகிறது. அங்கே மூளையிலும் நுரையீரலிலும் நீர் கோத்து ஆட்கள் சாவதற்கு அது முக்கிய காரணம். கண்டிக்கு அருகே நக்கிள்ஸ் தொடரின் உச்சியான கொம்பனியாவோ வெறும் 1,906 மீற்றர்; உயரத்தால் வரும் மலைநோய் வழக்கமாகத் தலைகாட்டுவதே 2,500 மீற்றருக்கு மேல். ஆகவே இங்கே ஆளை வீழ்த்துவது ஒக்சிசன் குறைவல்ல, ஈரக்குளிரும் இருட்டும். ஆயிரம் மீற்றருக்குச் சுமார் 6.5 பாகை குளிர் கூடுகிறது. கண்டியில் 20 பாகை என்றால் அந்த உச்சியில் ஏறக்குறைய 11. வெப்ப நாட்டில் இதற்கெல்லாம் சாவார்களா என்று கேட்கலாம். மழையில் நனைந்த பருத்திச் சட்டையும் காற்றும் சேர்ந்தால் அதுவே போதும். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், நாக்குழறல், பிறகு புத்தித் தடுமாற்றம். பாறை விளிம்பில் அந்தத் தடுமாற்றம் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லவேண்டியதில்லை.

எனவே முதல் மருந்து, திரும்பும் நேரத்தை ஏறுமுன்பே குறித்துக்கொள்வது. நம் நாட்டில் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவதா என்பார்கள். திரும்புவது தோல்வியல்ல: 2016 இல் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியைத் தொட்டபோது, உடன் சென்ற யொஹான் பீரிஸ் ஒக்சிசன் சிக்கலால் 8,400 மீற்றரில் திரும்பினார். 2018 இல் மறுபடி போய் ஏறினார். அடுத்த மருந்து, உள்ளூர் வழிகாட்டி. கைபேசியில் வரைபடம் இருக்க வழிகாட்டி எதற்கு என்ற கேள்விக்கும் பதில் எளிது: நேற்றைய மழையில் எந்த ஓடை பெருகியிருக்கிறது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.