பிஸ்டல் ஃபிரேமில் விரிசல்: ரிப்பேர் பண்ணலாமா, மாத்தணுமா? அமெரிக்காவில் இது ஏன் இவ்வளவு பெரிய கேள்வி?

அமெரிக்காவில் ஒருவருக்குத் தாத்தாவின் துப்பாக்கி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர் காலத்து 1911ஏ1 பிஸ்டல். ஒருநாள் கழற்றித் துடைக்கும்போது, ஃபிரேமில் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிகிறது. நகத்தால் தடவினால் லேசாகத் தட்டுகிறது. விரிசல்!

ஸ்பிரிங்கோ பேரலோ உடைந்திருந்தால் ஆன்லைனில் ஆர்டர் போட்டு மாற்றிவிடலாம். ஆனால் ஃபிரேம் அப்படி இல்லை. இந்த இடத்தில் மெக்கானிக் கேள்வியோடு சட்டக் கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

ஃபிரேம்தான் துப்பாக்கி!

கையில் பிடிக்கும் அடிப்பாகம்தான் ஃபிரேம். டிரிகர், மேகசின் எல்லாம் இதற்குள் உட்காரும். மேலே இருக்கும் ஸ்லைடு, இதன் ரெயில்கள் மேல்தான் முன்னும் பின்னும் ஓடுகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு வேகமாகப் பின்னால் வந்து ஃபிரேமில் மோதி நிற்கும். அந்த அடியை ஆயிரக்கணக்கான முறை வாங்குவது இந்தப் பாகம்தான்.

நம்ம ஊர் பைக்கை நினைத்துப் பாருங்கள். டேங்க், சைலன்சர், ஹேண்டில்பார் எதை மாற்றினாலும் வண்டி அதே வண்டிதான். சேஸி மாறினால் கதையே வேறு. ஆர்.சி. புக்கில் இருக்கும் நம்பர் அதில்தானே அடித்திருக்கிறது! பிஸ்டலுக்கு ஃபிரேம் அந்த மாதிரி. அமெரிக்காவின் 1968-ம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, ஃபிரேம் தனியாக இருந்தாலே அது 'துப்பாக்கி'. சீரியல் நம்பரும் அதில்தான் இருக்கும்.

இதன் விளைவு கொஞ்சம் வேடிக்கையானது. பேரல், ஸ்லைடு, டிரிகர் எல்லாம் மத்திய அரசின் சட்டப்படி வெறும் உதிரிபாகம். கூரியரில் வீட்டுக்கே வரும். ஆனால் ஒரு குண்டுகூடச் சுட முடியாத வெற்று ஃபிரேமை வாங்க, லைசென்ஸ் உள்ள கடைக்குப் போய் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனையில் தேற வேண்டும், வயது 21 ஆகியிருக்க வேண்டும். சில மாநிலங்களில் இதற்கு மேலும் விதிகள் உண்டு.

ஆக, ஃபிரேமை மாற்றுவது என்றால் சட்டத்தின் கண்ணில் இன்னொரு துப்பாக்கி வாங்குவது.

முதலில்... அது விரிசல்தானா?

எல்லாக் கோடும் விரிசல் இல்லை. பெயின்ட் உரிந்ததாக இருக்கலாம், பழைய கீறலாக இருக்கலாம். துப்பாக்கி மெக்கானிக்குகள் சிவப்புச் சாயம் போன்ற ஒரு திரவத்தைத் தடவித் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பூச்சு அடிப்பார்கள். விரிசலுக்குள் புகுந்த சாயம் மட்டும் கசிந்து, சிவப்புக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். முடிவு தெரியும்வரை அந்தத் துப்பாக்கியில் சுடவே கூடாது. 'இன்னும் நாலு ரவுண்டுதானே' என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

விரிசல் எங்கே இருக்கிறது என்பது அடுத்த விஷயம். 1911 வகையில் இதற்கு ஒரு சுவாரஸ்யமான உதாரணம் உண்டு. 1987-ல் கோல்ட் நிறுவனம் 'டெல்டா எலைட்' என்ற 10 மி.மீ. பிஸ்டலைக் கொண்டுவந்தது. வழக்கத்தைவிட முரட்டுத் தோட்டா. ஸ்லைடு ஸ்டாப் ஓட்டைக்கு மேலே, ரெயிலில் பாலம் மாதிரி ஒரு மெல்லிய பட்டை இருக்கும். ஃபிரேம்களில் அந்த இடம் விரிசல்விட ஆரம்பித்தது. கோல்ட் என்ன செய்தது தெரியுமா? பட்டையைத் தடிமனாக்கவில்லை. அதை வெட்டியே எடுத்துவிட்டது! பெரிதாகப் பாரம் தாங்காத இடம், இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

அதே விரிசல், பேரலின் அடிப்பகுதி வந்து இடித்து நிற்கும் இடத்திலோ ரெயிலின் வேரிலோ இருந்தால் நிலைமை தலைகீழ். அங்கேதான் முழு அடியும் இறங்குகிறது.

ஸ்டீலுக்கு ஒரு நியாயம், அலுமினியத்துக்கு ஒரு நியாயம்

ஸ்டீல் ஃபிரேம் என்றால் நம்பிக்கை உண்டு. அனுபவமுள்ள கை, டிக் வெல்டிங்கில் விரிசலை நிரப்பி, மறுபடி மெஷினில் கடைந்து அளவுக்குக் கொண்டுவர முடியும். ஆனால் சூட்டில் ரெயில் ஒரு மயிரிழை வளைந்தாலும் ஸ்லைடு சிக்கும். தெருமுனை வெல்டிங் பட்டறை வேலை இல்லை இது.

அலுமினியத்தில் பிரச்சினை ஆழமானது. ஓர் அளவுக்குக் கீழே உள்ள அழுத்தத்தை ஸ்டீல் கிட்டத்தட்ட எத்தனை முறை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லைக்கோடே கிடையாது. ஒவ்வோர் அடியும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். போதாக்குறைக்கு, 7075 போன்ற உறுதியான அலுமினியக் கலவைகளை வெல்டிங் செய்தால் அதன் பக்கத்திலேயே புது விரிசல் வரும் வாய்ப்பு அதிகம். சூட்டுப் பதப்படுத்தலில் கிடைத்த உறுதியும் அந்த இடத்தில் போய்விடும். முக்கியமான இடத்தில் விரிசல் விட்ட அலுமினிய ஃபிரேமை மாற்றுவதுதான் ஒரே வழி என்பது என் கருத்து. ஒட்டுப்போட்டுத் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் ஃபிரேம்? க்ளாக் மாதிரி பிஸ்டல்களில் பாலிமருக்குள் ஸ்டீல் ரெயில் துண்டுகளைப் புதைத்திருப்பார்கள். ரெயில் உடைந்தால் பசை போட்டு ஒட்டும் பேச்சே இல்லை. 2002-ஐ ஒட்டித் தயாரான சில க்ளாக்குகளில் பின்பக்க ரெயில் உடையும் பிரச்சினை வந்தபோது, நிறுவனமே ஃபிரேமை மாற்றிக் கொடுத்தது.

நிறுவனத்துக்கே அனுப்புவதில் இன்னொரு வசதியும் உண்டு. ரிப்பேருக்காக அனுப்பிய துப்பாக்கியையோ, அதற்குப் பதிலாக அதே ரக மாற்றுத் துப்பாக்கியையோ நிறுவனம் உரிமையாளருக்கே நேராகத் திருப்பி அனுப்ப மத்தியச் சட்டம் இடம் தருகிறது. 4473 படிவம் மறுபடி தேவையில்லை. அதனால் உடைந்ததும் முதலில் போன் போட வேண்டியது தயாரிப்பாளருக்குத்தான்.

இந்தத் தலைவலியையே டிசைனில் தாண்டிவிட்டது சிக் சாவரின் பி320. 2017-ல் அமெரிக்க ராணுவம் எம்17 என்ற பெயரில் எடுத்துக்கொண்டதும் இதைத்தான். இதில் சீரியல் நம்பர் உள்ளே இருக்கும் டிரிகர் தொகுதியில் இருக்கிறது. வெளிக்கூடு வெறும் பிளாஸ்டிக். உடைந்தால் போன் கவர் மாற்றுகிற மாதிரி மாற்றிவிடலாம்.

நம்பர் மேல கை வெச்சா காலி

வெல்டிங், பாலிஷ், துரு சுரண்டல்... எதுவாக இருந்தாலும் சீரியல் நம்பர் அழியக் கூடாது. நம்பர் நீக்கப்பட்ட, திருத்தப்பட்ட துப்பாக்கி என்று தெரிந்தே வைத்திருப்பது அமெரிக்காவில் மத்தியக் குற்றம். பழைய ஃபிரேமின் நம்பரைப் புது ஃபிரேமில் நாமே பொறித்துக்கொள்ளும் ஐடியாவும் வேண்டாம்.

'அப்போ இந்தியாவில்?' என்று கேட்கலாம். இங்கே இன்னும் இறுக்கம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். தொழிலாகத் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கவே 5-வது பிரிவின் கீழ் தனி லைசென்ஸ் வேண்டும். அடையாளக் குறியை அழிப்பதும் குற்றம்.

சரி, தாத்தா துப்பாக்கி என்ன ஆச்சு?

சாதாரண பாலிமர் பிஸ்டல் என்றால் முடிவு சுலபம். புதுசே 500, 600 டாலருக்குக் கிடைக்கும்போது ரிப்பேருக்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஆனால் இது 1911ஏ1. போர்க்காலத்தில் இதை அதிகம் தயாரித்தது யார் தெரியுமா? ரெமிங்டன் ராண்ட். ஆமாம், டைப்ரைட்டர் கம்பெனி! தையல் மெஷின் சிங்கரும் 500 பிஸ்டல்கள் செய்து கொடுத்தது. அந்த 500-ல் ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளர்கள் கொட்டிக்கொடுப்பார்கள்.

இவற்றில் ஃபிரேமை மாற்றினால் மிஞ்சுவது பழைய ஸ்லைடு மாட்டிய ஒரு புதுத் துப்பாக்கி. வெல்டிங் செய்து பூச்சு ஏற்றினாலும் மதிப்பு சரியும். அதனால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: எதுவுமே செய்யாமல் விடுவது. எண்ணெய் போட்டுத் துடைத்து, 'விரிசல் உள்ளது, சுடக் கூடாது' என்று ஒரு சீட்டு எழுதிக் கூடவே பெட்டியில் வைத்துப் பூட்டுவது. சுட்டுப் பழக ஆசையா? அதே 1911 டிசைனில் இன்றும் புதுசு தயாராகிறது. கடைக்குப் போய் 4473-ஐ நிரப்பி அதில் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.